கிளை நடாத இடம்

காலையில் அண்டாவின் மூடியைத் திறந்த யெகோருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் உள்ளே இறக்கி வைத்த பனிக்கட்டி அப்படியே இருந்தது. விளிம்பு கூட மழுங்கவில்லை. ரம்பத்தின் பல் தடம் வரிவரியாக, இப்போதுதான் ஏரியிலிருந்து தூக்கி வந்ததுபோல் அதன் மேல் பதிந்திருந்தது. அண்டாவோ அடுப்பை ஒட்டி இருந்தது. அடுப்பு இரவெல்லாம் லார்ச் விறகைத் தின்று, கிட்டே போனால் புருவம் பொசுங்குகிற அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் ஒரு கட்டி உருகிக் குடிதண்ணீராக ஒரு ராத்திரி போதும். விடியும்போது அண்டா நிறைந்து கிடக்கும்.

"என்ன, உள்ள சினிமா ஏதாவது ஓடுதா? இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அவன் மனைவி மார்ஃபா. பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கிளம்ப, மூன்றாவது காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டி உருகல."

"உருகலையா? அடுப்பு எரியுதா, இல்ல எரியிற மாதிரி நடிக்குதா?" அவள் எழுந்து வந்து கரண்டியால் கட்டியைத் தட்டினாள். கல்லைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. "நல்லா இருக்குது போ! பழைய வேலி ஓரத்துக் கட்டியெல்லாம் நேத்தோட தீந்துபோச்சு. இனிமே நீ கடைசியா அறுத்துட்டு வந்தது மட்டும்தான். அதுவும் இந்த லட்சணம். எங்கய்யா போய் அறுத்த? கல்லுக் குவாரியிலயா?"

எங்கே என்ற அந்த ஒரு சொல்லில் யெகோர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விறகை எடுத்து அடுப்பில் போட்டான்.

மார்ஃபா வாளியின் அடியில் கிடந்த பழைய தண்ணீரில் டீ போட்டாள். குடிப்பதற்கு முன்பு, எந்த வீட்டிலும் செய்கிறபடி, விரல் நுனியில் வெண்ணெய் எடுத்து நெருப்புக்கு எறிந்தாள். நெருப்புப் பெரியவருக்குக் கொடுக்காமல் இந்த ஊரில் ஒருவர் வாயிலும் ஒரு கவளம் இறங்காது. அவள் உடனே திரும்பிவிட்டாள். யெகோர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான். செக்கச்செவேலென்ற தணலின் மேல் அந்த வெண்ணெய்த் துண்டு மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. உருகவில்லை, சீறவில்லை, மணக்கவும் இல்லை.

"இந்தா, காதுல விழுதா?" மார்ஃபா கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து பேசினாள். கண் மட்டும்தான் தெரிந்தது. "குன்னேய் இன்னைக்குக் கட்டாயம் வருவா. காணாமப் போன புருஷனக் காட்டுக்குள்ள தானே போய்த் தேடுறேன்னு பிடிவாதமா நிக்கிறா. இந்தக் குளிர்ல போனா அவளும் திரும்ப மாட்டா. சின்னக் கொழந்த இருக்குது வீட்டுல. நீதான் எதையாவது சொல்லி நிறுத்தணும். உன் பேச்சுன்னா கேப்பா. அவ புருஷனக் கடைசியாப் பாத்தவன் நீதானே."

"ம்."

"ம்மா? மாடு கூட ரெண்டு தடவ கத்தும்." கதவைத் திறந்தாள். வெளிக்குளிர் வெள்ளைப் புகையாக வாசற்படியைத் தாண்டிச் சுருண்டு, தரையோடு தரையாக அடுப்பு வரைக்கும் ஓடியது. கதவு மூடியதும் அது கரைந்தது. அவள் காலடி நறநறவென்று மூடுபனிக்குள் போய்த் தேய்ந்தது.

வீடு அமைதியானது. அந்த அமைதிதான் யெகோருக்கு இந்த மூன்று வாரமாகப் பிடிக்காத ஒன்று.

அண்டாவை மறுபடியும் எட்டிப் பார்த்தான். குளிரிலிருந்து வீட்டுச் சூட்டுக்கு வந்த பனிக்கட்டி பேசும். டிக், டிக்கென்று உள்ளுக்குள் கீறல் விடும், சின்னப் பிள்ளை பல் கடிப்பதுபோல் முனகும். இது ஊமையாக இருந்தது. சன்னலில் மங்கிய வெளிச்சம், விடிந்தும் விடியாத மாதிரி. விளக்கைப் பிடித்துப் பார்த்தான். கட்டியின் ஆழத்தில் ஏதோ கறுப்பாக, ஒரு கை அகலத்துக்கு இருந்தது. ஏரிப் பாசியாக இருக்கும் என்று நினைத்தான். பாசிக்கு மயிர் இருக்காது. விளிம்பைச் சுற்றிச் சிவப்பு நூல் தையல் இருக்காது.

விளக்கைச் சட்டென்று இறக்கினான். அடப் பாவி, அதைத்தான் எரித்துவிட்டாயே என்று அவனே அவனிடம் சொல்லிக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். மார்ஃபாவுக்குத் தண்ணீர் விஷயத்தில் தாராளக் கை. வேலி ஓரத்தில் அடுக்கிய கட்டிகள் குளிர்காலம் முடியும்வரை தாங்காது என்று தெரிந்ததும், யெகோர் தனியாக ஏரிக்குப் போனான். எல்லாரும் வெட்டுகிற இடத்தை விட்டு, தெளிவாக இருக்கிறதென்று நடு ஏரிப் பக்கம் போய் அறுத்தான். பனி வெட்டினால் ஒரு முறை உண்டு. எடுத்த இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கிளை நட வேண்டும். வெட்டின இடம் ஒரே நாளில் மேலாக உறைந்து, பனித்தூள் மூடி, மற்ற இடம் போலவே ஆகிவிடும். கிளையைப் பார்த்துத்தான் ஆளும் குதிரையும் ஒதுங்கும். குடித்துவிட்டு ஆடுகிறவன் கூட இதை மறக்க மாட்டான். யெகோரும் மறக்கவில்லை. கிளைகளை வெட்டி வண்டியிலேயே வைத்திருந்தான். ஆனால் விரல்கள் மரத்துப் போயிருந்தன, கண் இமை ஒட்டிக்கொண்டிருந்தது, பனிவண்டியின் இஞ்சின் திக்கித் திக்கி அணையப் பார்த்தது. காலையில் வந்து நட்டுக்கொள்ளலாம், இந்தப் பக்கம் எவன் வரப்போகிறான் என்று கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் மூடுபனி இறங்கியது. முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. நாளைக்குப் போகலாம் என்று அடுப்போரம் படுத்துவிட்டான்.

அக்கரையில் கிடந்த வைக்கோலை ஏற்ற ப்ரோகோப் அந்த மூடுபனியிலேயே தன் பனிவண்டியில் கிளம்பினான். குன்னேயின் புருஷன், பக்கத்து வீட்டுக்காரன், பால்ய சினேகிதன். போகும்போது இந்தச் சன்னலைத் தட்டி, "டேய் சோம்பேறி, உன் மாட்டுக்கும் சேத்து ஒரு கட்டு அள்ளிட்டு வரவா?" என்று கத்தினான். யெகோர் உள்ளேயிருந்து கையை மட்டும் ஆட்டினான். ஏரிக்குப் போகாதே, போனால் நடுவில் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போர்வையை விட்டு எழுந்து சன்னலைத் திறக்க அவனுக்கு அலுப்பாக இருந்தது. அதற்கு வேறு பேரே கிடையாது, அலுப்பு.

அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது வெட்டின இடம் ஒழுங்கான சதுரமாக இல்லை. பல்லும் சொத்தையுமாக உடைந்து, புதிதாக உறைந்திருந்தது. ஓரத்தில் ஒரு நாய்த்தோல் கையுறை, உள்ளங்கை மேலே பார்க்க, பனியோடு ஒட்டிக் கிடந்தது. மணிக்கட்டில் சிவப்பு நூல் தையல், குன்னேய் போட்டது. பனியின் விளிம்பைப் பற்றியிருந்த கையிலிருந்து அது உருவிக்கொண்டு வந்திருக்க வேண்டும். யெகோர் அழுதான், உண்மையாகவே அழுதான், கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. அழுதுகொண்டேதான் அந்தக் கிளைகளை எடுத்து நான்கு பக்கமும் நட்டான். பனியை வாரி மூடினான். கையுறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டான். மயிர் பொசுங்குகிற நாற்றம் வீட்டில் நெடுநேரம் நின்றது. செத்தவன் பொருளை நெருப்புக்குத் தீனியாகப் போட்டவன் இந்த ஊரில் வேறு எவனும் இருக்க மாட்டான். ஊர் கூடிக் கேட்டபோது, "காட்டுப் பக்கம் திரும்புறதப் பாத்தேன்" என்றான். எல்லாரும் காட்டுக்குள் போனார்கள். ஒருவனுக்குக் கால் விரல்கள் போயின.

ஆனால் இந்தக் கட்டியை அறுத்த அன்றைக்கு ப்ரோகோப் உயிரோடு இருந்தான். அவன் கையுறை அவன் கையில் இருந்தது. அது எப்படி இதற்குள்?

யெகோர் மூடியைப் போட்டு அதன் மேல் விறகுக் கட்டையை வைத்தான். பிறகு அடுப்போரம் முக்காலியில் உட்கார்ந்தான். எதிரே தணல் தகதகத்தது. முழங்கை வரைக்கும் நீட்டியும் கைக்குச் சூடு ஏறவில்லை. மூக்கின் முன்னால் மூச்சு வெள்ளையாக நின்றது, வீட்டுக்குள். காதோரம் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, தவிடு சலிக்கிற மாதிரி. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்குக் குளிர் இறங்கினால் வெளியே விடுகிற மூச்சு உறைந்து உதிரும்போது வருகிற சத்தம் அது. வெளியேதான் வரும்.

அண்டாவுக்குள் ஏதோ கீறியது. நகத்தால், அடியிலிருந்து.

கதவு திறந்தது. அவன் துள்ளி எழுந்தான். வெள்ளைப் புகை தரையில் உருண்டு வந்தது. அதன் நடுவே இடுப்புக்கு மேல் மட்டும் குன்னேய் தெரிந்தாள். கீழே காலே இல்லாத மாதிரி இருந்தது. வெளியே பனிவண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா அண்ணே?" சால்வையை அவிழ்த்தாள். இருபத்தைந்து வயது முகம், கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. "உக்காரல. இஞ்சின அணைக்காம வந்திருக்கேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எங்கம்மா போற?"

"எங்க போவேன்? காட்டுக்குத்தான். கொழந்தைய அம்மாகிட்ட விட்டாச்சு. எங்க மாமா வண்டியக் குடுத்தாரு, திட்டிக்கிட்டேதான் குடுத்தாரு. எல்லாரும் திட்டுறாங்க. நீங்களும் ரெண்டு திட்டு திட்டிருங்க, கணக்குல சேத்துக்கிறேன்." சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் பொட்டாக நின்றது.

"பொழுது சாஞ்சிரும். போகாத."

"அவரு அங்க இருக்காரு, நான் இங்க அடுப்பு முன்னால உக்காந்திருக்கேன். தொண்டையில சோறு எறங்கல அண்ணே." தோள்பையைத் திறந்து ஒரு ஜோடி நாய்த்தோல் கையுறையை எடுத்து மேசை மேல் வைத்தாள். புதிது. மணிக்கட்டில் சிவப்பு நூல். "ராவெல்லாம் முழிச்சுத் தச்சேன். கனவுல வந்தாரு. ஒரு கையில உறை இல்ல. வெறுங்கைய நீட்டிக்கிட்டே நிக்கிறாரு, எங்கிட்ட கேக்குற மாதிரி. வெறச்சுப் போயிருக்கும்ல? அதான்."

யெகோர் அந்தக் கையுறையைப் பார்த்தான். சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. அவள் உன் முகத்தில் காறித் துப்பட்டும், ஊர் உன்னைக் கல்லால் அடிக்கட்டும். இவள் உயிரோடு இருப்பாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க, தொண்ட காஞ்சு போச்சு" என்றவள், அவன் தடுப்பதற்குள் விறகுக் கட்டையை எடுத்து வைத்து அண்டாவைத் திறந்தாள். உள்ளே கட்டி துளியும் குறையாமல் நின்றது. ஆனால் அதைச் சுற்றித் தண்ணீர் நிறைந்திருந்தது. கறுப்புத் தண்ணீர். அவள் கரண்டியால் மொண்டு குடித்தாள். குடித்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல." கரண்டியை முகர்ந்தாள். கண் கலங்கியது. "அவரு வாசன வருது. வைக்கோலும் பெட்ரோலும். பைத்தியம் முத்திப்போச்சு எனக்கு." இன்னொரு கரண்டி மொண்டு, தாகத்தோடு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வாயோரம் வழிந்த தண்ணீர் தரையில் சொட்டியது. விழுந்த ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே உறைந்ததை யெகோர் பார்த்தான்.

அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டாள். வாசலில் திரும்பினாள்.

"அண்ணே, கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிறேன். காட்டுப் பக்கம்தானே? நீங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

அவளுடைய கண்கள் அவன் முகத்தில் நிலைத்திருந்தன. அவன் சொன்னால் நம்புவாள். இல்லை என்றாலும் நம்புவாள். அண்டாவுக்குள் கீறல் நின்றிருந்தது, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல்.

"ஆமா" என்றான் யெகோர்.

"நல்லா இருங்க அண்ணே" என்றாள். கதவு மூடியது.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். இஞ்சின் உறுமியது, நகர்ந்தது, தெருக்கோடிக்குப் போனது. த்தூ, நீயெல்லாம் மனுஷனா? சொல்லியே விட்டான் வாய்விட்டு. முதல் தடவை அலுப்பு. இப்போது என்ன? பயம்தான். அவள் செத்தாலும் பரவாயில்லை, தன் பேர் கெடக் கூடாது என்கிற பயம். போ. ஓடு. தெரு முனைக்குள் பிடித்துவிடலாம். காலணியைத் தேடித் திரும்பியபோதுதான் மேசை மேல் அந்தக் கையுறைகள் கிடப்பதைக் கண்டான். மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

கையுறையை எடுக்க ஒரு அடி வைத்தான். கால் வழுக்கியது.

தரை ஈரமாக இல்லை. தரை பலகையாகவே இல்லை. அவள் சிந்திய சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அடுப்பின் காலைச் சுற்றி, மேசைக்கு அடியில், சுவருக்குச் சுவர் பரவியிருந்தன. கண்ணாடி மாதிரி. கறுப்புக் கண்ணாடி. அதற்குக் கீழே பலகை தெரியவில்லை. ஆழம் தெரிந்தது. குமிழ்கள் வெள்ளை வெள்ளையாக அதில் தொங்கின. அவனுக்கு நன்றாகத் தெரிந்த பனி அது. வெட்டின இடத்தில் ஒரே நாளில் உறைந்த பனி. ஆளையே தாங்காது.

டிக்.

காலடியில் ஒரு கீறல் ஓடியது. அவன் அசையாமல் நின்றான். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது, சூடில்லாமல். நாலாபுறமும் பார்த்தான். ஒரு கிளை இல்லை. எங்கும் ஒரு கிளை இல்லை.

தட்.

கீழே இருந்து. தட். தட். ஆத்திரமே இல்லாமல், பக்கத்து வீட்டுச் சன்னலைத் தட்டுகிற மாதிரி. யெகோர் குனிந்து பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கை பனியின் அடிப்பக்கத்தில் விரிந்து ஒட்டியிருந்தது. வெறுங்கை. வெள்ளை. விரல் நுனிகள் தேய்ந்து சதை பிய்ந்திருந்தன. அது தடவித் தடவித் தேடியது. வெளியே வர ஒரு வழியை.

"ப்ரோகோப்பு" என்றான். "டேய். மன்னிச்சிருடா. நான் சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

கை நின்றது.

அப்போது வெளியே இஞ்சின் சத்தம் கேட்டது. தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்தது. வாசலில் நின்றது. நறநறவென்று காலடிகள். அவசரமான, லேசான காலடிகள்.

"அண்ணே!" குன்னேயின் குரல். "கையுறைய மறந்துட்டேன் பாருங்க, எதுக்குப் போறேனோ அதையே!"

வராதே. இந்த ஒரு சொல். உள்ளே வராதே. அவன் வாயைத் திறந்தான். வெள்ளையாக மூச்சு வந்தது, தவிடு சலிக்கிற சத்தத்தோடு உதிர்ந்தது. வேறெதுவும் வரவில்லை. அவன் மறுபடியும் வாயைத் திறந்தான். கொக்கி மாட்டாத கதவு அசைந்தது.

கதவு திறந்தது. வெளிக்குளிர் வெள்ளைப் புகையாகச் சுருண்டு உள்ளே வந்து, கீறல்களை மூடி, கறுப்பை மூடி, தரை முழுவதையும் எந்த வீட்டுத் தரையும் போலவே ஆக்கியது. அது மூடுவதற்கு முன்னால் அவன் கடைசியாக ஒன்றைப் பார்த்தான். அந்த வெறுங்கை அவன் காலடியை விட்டு நகர்ந்து, மெல்ல, ஆசையாக, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

குன்னேய் சிரித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தாள்.